தொலைவில் இருக்கும் வீட்டை நாள் வாடகைக்கு விட்டு நடத்த முடியுமா?

சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் ஊரில் உங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கிறது. நீங்கள் இருப்பதோ பல மணி நேரப் பயணத் தொலைவில். அதை நாள் வாடகைக்கு விடலாம் என்று நினைத்து, என்னென்ன வாங்கிப் போட வேண்டும், எவ்வளவு வாடகை வைக்கலாம், வருகிறவர்கள் வீட்டைப் பாழாக்கிவிடுவார்களா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தபோது அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாகத் தோன்றியது: நான் அங்கே இல்லாமலேயே இந்த வீடு நடக்குமா? நடக்கும். ஆனால் உங்கள் இடத்தில் நிற்க ஓர் ஆளும், அந்த ஆள் தடுமாறாதபடி ஓர் ஏற்பாடும் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் ஒன்றில் ஆறு வருடம் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்த்தேன். அதன் பிறகு பதினோரு வருடமாக மூன்று வீடுகளை நாள் வாடகைக்கு விட்டு நடத்துகிறேன். ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் வெளியூரில் இருப்பவர்களுடையவை. நீச்சல் குளம் வைத்த பெரிய பங்களாக்களை நான் நடத்தியதில்லை, அதனால் நான் சொல்வதெல்லாம் உங்கள் வீட்டைப் போன்ற சிறிய, நடுத்தர வீடுகளுக்குத்தான் பொருந்தும். இந்தத் தொழில் ஏர்பிஎன்பி என்ற வீட்டு வாடகை இணையதளத்தோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் காற்று மெத்தை போட்டு ஆரம்பித்தது 2007இல். விஆர்பிஓ என்ற தளம் அதற்கும் முன்னால் 1995இலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே விடுமுறை வீடுகளை வாடகைக்கு விட்டவர்கள் இருந்தார்கள். இணையம் வந்த பிறகு ஆள் பிடிப்பது சுலபமாகிவிட்டது. வீட்டை நடத்தும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

காலை 11 மணிக்கு ஒருவர் காலி செய்கிறார், பிற்பகல் 3 மணிக்கு அடுத்தவர் உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில்தான் ஒரு வீடு தேறுவதும் தடுமாறுவதும். அழகான படங்களும் அலங்கார விளக்குகளும் முதல் புக்கிங்கைக் கொண்டுவரும். கட்டிலுக்கு அடியில் போன கெஸ்டின் ஒற்றைக் காலுறை கிடந்தால் அதற்கப்புறம் அந்த விளக்கைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வாடகை, குறைந்தபட்ச இரவுகள், விரிப்புகளின் எண்ணிக்கை, கதவின் பூட்டு, சோபாவின் துணி என்று நீங்கள் எடுக்கப்போகும் எந்த முடிவானாலும், அந்த நான்கு மணி நேரத்தில் இது வேலையைக் கூட்டுமா குறைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கை விரிப்பிலிருந்து தொடங்குகிறேன், புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும்: கட்டிலில் ஒன்று, துவைக்கப் போனது ஒன்று, அலமாரியில் ஒன்று. துவைத்து, உலர்த்தி, மடித்து, அன்றைக்கே திரும்ப விரிப்பது நான்கு மணி நேரத்தில் நடக்காது. ஆரம்பத்தில் நானும் சிக்கனமாக இரண்டு செட்தான் வாங்கினேன். ஒருநாள் விடாத மழை, வாஷிங் மெஷினும் பாதியில் நின்றுவிட்டது. ஈரம் போகாத விரிப்பை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வெளியே ஒரு குடும்பம் பெட்டிகளோடு நிற்கிறது. அன்று மாலையே மூன்றாவது செட் வாங்கினேன். நிறம் வெள்ளையாகவே இருக்கட்டும். சுத்தமாகத் தெரியும் என்பது ஒரு காரணம்தான். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சூடான நீரில் போடலாம், ஒன்று கிழிந்தால் அதே போன்ற இன்னொன்றை வாங்கிச் சேர்க்கலாம் என்பது எனக்கு அதைவிட முக்கியம். மெத்தைக்கும் தலையணைக்கும் நீர் புகாத உறை கட்டாயம். மெத்தையில் கறை பட்டுவிட்டால் அதை முழுதாக எடுக்க வழியே இல்லை.

வெள்ளைத் துணி வைத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் துண்டுகளில் துருப்பிடித்தது போல ஆரஞ்சுக் கறை வரும். பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள் தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கறை என்றதும் எல்லோரும் பிளீச்சை எடுப்பார்கள், பிளீச் போட்டால் அந்தக் கறை இன்னும் அழுத்தமாகும். துரு நீக்கும் கரைசலோ சிட்ரிக் அமிலமோதான் அதற்கு மருந்து. மேக்கப் கறைக்கு நான் கண்ட வழி வேறு: கருப்பு நிறத்தில் சின்ன முகத்துண்டு இரண்டை கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, மேக்கப் துடைக்க என்று எழுதி வைத்தேன். வெள்ளைத் துண்டுகள் தப்பித்தன.

அடுத்து அந்த ஆள். தொலைவில் இருக்கும் உங்களுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவர்தான் கண்ணும் காதும். சம்பளத்தை மாதக் கணக்கில் பேசாமல் ஒவ்வொரு முறை வீடு தயார் செய்வதற்கு இவ்வளவு என்று பேசுங்கள், வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். சந்தையில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டை ஒருவர் ஒழுங்காகத் தயார் செய்ய மூன்று மணி நேரமாவது ஆகும், அதை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் அவர் எதை விடுவார் என்பது உங்களுக்குத் தெரியாது, கெஸ்டுக்குத் தெரிந்துவிடும். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் வருவதற்கு இரண்டாவது ஆள் ஒருவரையும் பழக்கி வையுங்கள். மாதத்தில் ஒருமுறையாவது அந்த இரண்டாவது ஆளுக்கும் வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அவர் வேறு இடத்தில் இருப்பார். இன்னொன்று, பல்ப், பேட்டரி, உடைந்த குழாய் போன்ற சின்னச் செலவுகளை உங்களைக் கேட்காமலே செய்ய அவர் கையில் ஒரு தொகை இருக்க வேண்டும். பல்ப் மாற்ற அனுமதி கேட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வீடு தொலைவில் இருந்து நடக்காது.

வேலையின் வரிசையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், அனுபவசாலி என்றாலும்கூட. உள்ளே வந்ததும் உடைந்தது, காணாமல் போனது, மறந்து வைத்துவிட்டுப் போனது மூன்றையும் பார்த்துப் படம் எடுக்க வேண்டும்; சுத்தம் செய்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. பிறகு எல்லாக் கட்டில்களின் விரிப்பையும் உருவி மெஷினில் போட வேண்டும். குளியலறையில் மருந்தைத் தெளித்து ஊற விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போக வேண்டும், ஏனென்றால் கிருமிநாசினி வேலை செய்ய லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்கள் ஈரமாகவே இருந்தாக வேண்டும். தூசி மேலிருந்து கீழே, தரை கடைசியில், கதவை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி. முடிந்ததும் அறைக்கு ஒரு படம் உங்களுக்கு வர வேண்டும். ஹோட்டலில் எங்கள் மேற்பார்வையாளர் அறைக்குள் வந்ததும் நேராகக் குளியலறை வடிகாலையும் தலையணையையும்தான் பார்ப்பார். தலைமுடி. ஒரு வீட்டை அழுக்கு என்று எழுத வைப்பதில் ஒற்றைத் தலைமுடிக்கு ஈடு எதுவும் இல்லை. இதோடு ஓர் எச்சரிக்கை: பிளீச்சையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த கிளீனரோடும் பிளீச் ஆகாது. இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகளில் இதை எழுதியே ஒட்டிவிடுங்கள்.

இப்போது வாடகை. பக்கத்து வீடுகள் என்ன வைக்கின்றன என்று பார்ப்பது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கணக்கு ஒன்று வேண்டும். ஓர் இரவுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் 15 சதவீதம், ஒருமுறை வீடு தயார் செய்ய 30 செலவு. பத்து இரவுகளுக்கும் பத்து வெவ்வேறு கெஸ்ட் வந்தால் 1000இல் கமிஷன் 150, தயாரிப்புச் செலவு 300 போக 550 நிற்கும். மூன்று மூன்று இரவாக மூன்று கெஸ்ட் வந்தால் ஒன்பது இரவுதான், ஓர் இரவு வீடு காலி. ஆனால் 900இல் 135ம் 90ம் போக 675 நிற்கும். ஓர் இரவு குறைவாக விற்று 125 கூடுதலாகச் சம்பாதித்திருக்கிறீர்கள், ஆளும் விரிப்பும் மெஷினும் ஏழு முறை ஓய்வெடுத்திருக்கின்றன. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தயாரிப்புச் செலவு ஓர் இரவு வாடகையில் எத்தனை பங்கு என்பதுதான் இதில் திறவுகோல்.

அதே கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் இன்னொரு பதிலும் கிடைக்கும். கடன் தவணை, இணையம், காப்பீடு, குறைந்தபட்ச மின்கட்டணம், பழுது பார்க்க ஒதுக்குவது என ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு வருடத்துக்கு 6000 என்றால், மூன்று இரவுப் புக்கிங்கில் இரவுக்கு 75 நிற்பதால் 80 இரவுகள் நிரம்பினால் போதும், கைநஷ்டம் இல்லை. ஒற்றை இரவுகளாகவே வந்தால் இரவுக்கு 55தான், 110 இரவுகள் தேவை. உங்கள் ஊரில் சீசன் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். சீசன் அல்லாத மாதங்களில் எத்தனை வார இறுதிகள் நிரம்பும் என்பதைக் கஞ்சத்தனமாகவே மதிப்பிடுங்கள். சீசனின் ஒரு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கனவு காண்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலருடைய வீட்டுச் சாமான்களைத்தான் பிறகு பாதி விலைக்கு வாங்கினேன்.

குறைந்தபட்சம் இரண்டு இரவு என்று வைத்துத் தொடங்குங்கள். சீசனில் மூன்று. ஆனால் இரண்டு புக்கிங்குகளுக்கு நடுவே ஒற்றை இரவு மாட்டிக்கொண்டால் அந்த ஒன்றை மட்டும் திறந்துவிடுங்கள், அது எப்படியும் வீணாகப் போகிற இரவு. தேவைக்கேற்பத் தினமும் வாடகையை மாற்றும் மென்பொருள்களைப் பற்றி உறுதியாக ஒரு பக்கம் பேச மாட்டேன். நிறைய வீடுகள் உள்ள பெரிய ஊர்களில் அவை நன்றாகவே கணிக்கின்றன. வீடுகள் குறைவான ஊரில் அவற்றுக்குக் கணிக்கத் தேவையான தகவலே கிடையாது, உள்ளூர் விழாவையும் கல்யாண சீசனையும் நீங்களே நாட்காட்டியில் குறித்து விலையை ஏற்றுவது போதும். எதைப் பயன்படுத்தினாலும், இதற்குக் கீழே போகாதே என்று ஓர் அடிமட்ட விலையை வைத்துவிடுங்கள். சுத்தம் செய்யும் கட்டணத்தைத் தனியாகக் காட்டுவதா, வாடகையில் சேர்ப்பதா என்பதிலும் ஆளுக்கொரு கருத்து உண்டு. இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறேன். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்குத் தனிக்கட்டணம் உறுத்துவதில்லை, ஓரிரவுக்காரர்களுக்கு உறுத்துகிறது. ஓரிரவுக்காரர்களைக் குறைக்க விரும்பினால் அதுவே ஒரு வழி.

ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வீட்டைப் போட்டால் ஒரே தேதிக்கு இரண்டு பேர் வந்து நிற்கும் ஆபத்து உண்டு. ஒரு தளத்தில் நிரம்பிய தேதியை மற்றதிலும் மூடும் நாட்காட்டி இணைப்பு கொடுத்துவிட்டேன், போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஐகேல் என்ற அந்த இணைப்பு உடனுக்குடன் புதுப்பிக்காது, சில நேரம் மணிக்கணக்கில் தாமதிக்கும். சீசனில் அந்த இடைவெளி போதும். எல்லாத் தளங்களின் நாட்காட்டியையும் ஒரே இடத்திலிருந்து நடத்தும் சேனல் மேனேஜர் மென்பொருள் இருந்தால் இது தீரும், ஆனால் ஒரே வீட்டுக்கு அது கூடுதல் செலவு. முதல் வருடம் ஒரே தளத்தில் நடத்துங்கள் என்பேன்.

பூட்டைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. எண் அழுத்தித் திறக்கும் பூட்டு போடுங்கள், ஒவ்வொரு கெஸ்டுக்கும் எண்ணை மாற்றுங்கள், சுத்தம் செய்கிறவருக்குத் தனி எண் கொடுங்கள். இணையம் இல்லாமலும் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியைத் தீரும் வரை காத்திருக்காமல் குறித்த தேதியில் மாற்றிவிட வேண்டும். நான் காத்திருந்தேன். இரவு பதினொன்றரைக்குப் பூட்டு செத்துப்போய், கைக்குழந்தையோடு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். நான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலிருந்து தள்ளி எங்காவது ஒரு சின்ன சாவிப்பெட்டி இருக்கும், உள்ளே சாதாரணச் சாவி. நீங்கள் தொலைவில் இருப்பதால் உங்களுக்கு இது இன்னும் அவசியம்.

கெஸ்ட் அனுப்பும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதத்திலேயே தெரிந்துவிடும், எல்லோரும் கேட்பது ஐந்தாறு கேள்விகள்தான்: எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும், வண்டியை எங்கே நிறுத்துவது, வைஃபை எண் என்ன, சுடுதண்ணீர் ஏன் வரவில்லை, எந்த ரிமோட் எதற்கு, குப்பையை எங்கே போடுவது. ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால் அது இனி கேள்வியாக இருக்கக் கூடாது, சுவரில் ஒரு சீட்டாகவோ வருவதற்கு முந்தைய நாள் அனுப்பும் செய்தியில் ஒரு வரியாகவோ மாறிவிட வேண்டும். இருபது பக்கக் கையேட்டை யாரும் படிப்பதில்லை. ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிய ‘போட்டு பதினைந்து நிமிடம் பொறுக்கவும்’ என்ற வரியை எல்லோரும் படிக்கிறார்கள். வழி சொல்லும் படங்களை இரவில் எடுங்கள், பாதிப் பேர் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள்.

விளம்பரத்தில் குறைகளை மறைக்காதீர்கள். மாடிப்படி செங்குத்து என்றால், காலையில் சாலைச் சத்தம் கேட்கும் என்றால், தண்ணீர் அழுத்தம் குறைவு என்றால் அதை எழுதுங்கள். மோசமான ரிவ்யூக்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வீடு மோசம் என்று இருக்காது, சொன்னது போல் இல்லை என்றுதான் இருக்கும். எழுதிவிட்டால் முட்டிவலிக்காரர் வேறு வீட்டுக்குப் போவார், வந்தவர் படியைப் பற்றிப் பேச மாட்டார். ஏர்பிஎன்பியில் செக்-அவுட் ஆன நாளிலிருந்து ரிவ்யூ எழுத 14 நாட்கள். இரண்டு தரப்பும் எழுதி முடிக்கும் வரை அல்லது அந்த 14 நாட்கள் கழியும் வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அதனால் பயமில்லாமல் உண்மையை எழுதலாம். உங்களுக்கு ஒரு மோசமான ரிவ்யூ வந்தால் ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு பதில் எழுதுங்கள். அதை எழுதியவர் திரும்ப வந்து படிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் புக்கிங் போட நினைக்கும் இன்னொருவர்தான் படிப்பார். என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி போதும்.

பாழாக்கிவிடுவார்களா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடைந்த கண்ணாடித் தம்ளர், கறைபட்ட தலையணை உறை, எடுத்துப் போன சார்ஜர், இவை நிச்சயம் நடக்கும். இவற்றைச் செலவாக எழுதிவிட்டு மறந்துவிடுங்கள், ஒரு தம்ளருக்காகச் சண்டை போட்டு ஒரு ரிவ்யூவை இழந்த நான் சொல்கிறேன். பெரிய சேதம் பதினோரு வருடத்தில் எனக்கு மூன்று முறை நடந்தது, மூன்றுமே கூட்டம் கூடிக் கொண்டாடியதால். மூன்று வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் உள்ளூரிலிருந்தே, கடைசி நேரத்தில், வார இறுதி ஒற்றை இரவுக்கு வரும் புக்கிங் என்றால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டே ஏற்கிறேன்: எத்தனை பேர், என்ன விசேஷம். பெயரையோ மதத்தையோ சாதியையோ பூர்வீகத்தையோ வைத்து ஆளை எடைபோடாதீர்கள். அது தவறு, பல நாடுகளில் சட்டவிரோதம், என் அனுபவத்தில் ஒருமுறைகூடப் பலித்ததும் இல்லை. சேதத்துக்குத் தளத்தின் ஈட்டுத்தொகை கேட்பதற்கும் கெடு உண்டு. ஏர்பிஎன்பியில் அது கெஸ்ட் காலி செய்ததிலிருந்து 14 நாட்கள். சுத்தம் தொடங்கும் முன் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தொலைவில் இருக்கிறோமே, கேமரா வைத்துவிடலாம் என்று தோன்றும். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உட்புறக் கேமராக்களை உலகம் முழுவதும் தடை செய்துவிட்டது, ஹாலில்கூடக் கூடாது. அணைத்து வைத்திருக்கிறேன் என்ற பதிலும் செல்லாது. வாசலைப் பார்க்கும் கேமரா வைக்கலாம், அது எங்கே இருக்கிறது என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சைப் பதிவு செய்யாமல் சத்தத்தின் அளவை மட்டும் அளக்கும் கருவிகள் கிடைக்கின்றன. ஹாலில் ஒன்று வைத்து, வைத்திருக்கிறேன் என்று எழுதியதிலிருந்து பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு இரவு அழைப்பு வருவது குறைந்தது. கருவி தடுத்ததா, எழுதியது தடுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் எண்ணை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். போலீஸைக் கூப்பிடுவதற்கு முன் அவர் உங்களைக் கூப்பிடுவது நல்லது.

பாதுகாப்பில் பேரம் கிடையாது. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் புகை அலாரம், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான், எரிவாயுவில் ஓடும் ஹீட்டரோ அடுப்போ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் எரிவாயு ஹீட்டர் இருந்தால் வீட்டை வாடகைக்கு விடும் முன் அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் வீடு பல வாரம் பூட்டிக் கிடப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தேங்கிய நீரில், 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில், லீஜியனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். ஷவரில் தெறிக்கும் நீர்த்திவலையோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரலாம். சேமிப்பு ஹீட்டரை 60 டிகிரியில் வையுங்கள், குழாய் முனையில் சூட்டைக் குறைக்கும் வால்வு இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மேல் வீடு காலியாக இருந்தால் அடுத்தவர் வரும் முன் எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் திறந்துவிடச் சொல்லுங்கள். ஷவரைத் திவலை தெறிக்காதபடி வாளிக்குள் வைத்துத் திறப்பது நல்லது.

மூட்டைப்பூச்சி சுத்தமான வீட்டுக்கும் பெட்டியில் ஏறி வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை விரிப்பை உருவும்போதும் மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டிலின் தலைப்பலகைப் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், மைப்புள்ளி போன்ற கறைதான் அடையாளம். துணிகளை 60 டிகிரியில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் முட்டையோடு சாகும். மெத்தைக்கும் சுவர் இடுக்குக்கும் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடிக்காதீர்கள், அது பூச்சியை அடுத்த அறைக்கு விரட்டும். தொழில்முறை ஆளைக் கூப்பிடுங்கள், அவர் இரண்டாவது முறை வர வேண்டியிருக்கும் என்று சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். முட்டை பொரிந்த பிறகு வருவது உங்களுக்காகத்தான். அதுவரை நாட்காட்டியை மூடி வையுங்கள்.

சட்டமும் வரியும் என் துறை அல்ல, அதனால் வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊரில் குறுகிய கால வாடகைக்கு உரிமம் வேண்டுமா, வருடத்துக்கு இத்தனை இரவு என்று வரம்பு இருக்கிறதா, கெஸ்டின் அடையாள விவரங்களை அதிகாரிகளிடம் பதிய வேண்டுமா, உரிமையாளர் வீட்டில் இல்லாமல் விடலாமா? கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம். லண்டனில் முழு வீட்டை வருடத்துக்கு 90 இரவுகள் வரை தனி அனுமதி இல்லாமல் விடலாம், ஜப்பானில் 2018இல் வந்த சட்டப்படி 180 நாட்கள். நியூயார்க் நகரத்திலோ 2023 செப்டம்பரிலிருந்து 30 நாட்களுக்குக் குறைவான வாடகை என்றால் பதிவும் வேண்டும், உரிமையாளரும் கூடவே தங்கியிருக்க வேண்டும். உங்கள் திட்டம் அங்கே நடக்கவே நடக்காது. பார்சிலோனா நகராட்சி சுற்றுலா அடுக்குமாடி உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. இப்படி ஊருக்கு ஊர் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். தளத்தில் வீட்டைப் போட முடிந்தது என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளையும் படியுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் பணம் வாங்கித் தங்க வைப்பதால் வரும் சேதத்தை ஏற்காது. முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

என்ன வாங்கிப் போடுவது என்று முதலில் கேட்டிருந்தீர்கள், கடைசியில் சொல்கிறேன். நல்ல மெத்தை, நல்ல தலையணை, முழு இருட்டைத் தரும் திரைச்சீலை, வேகமான இணையம், கட்டிலுக்கு இரு பக்கமும் பிளக். இவற்றில் கைவைக்காதீர்கள். சோபாவுக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய உறை. தட்டு, தம்ளர் எல்லாம் ஒரே சாதாரண வகை, தங்குபவர் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு. சின்னச் சின்ன அலங்காரப் பொருட்கள் வேண்டாம். ஒவ்வொன்றும் துடைக்க அரை நிமிடம், நாற்பது பொருள் என்றால் இருபது நிமிடம் போய்விடும். ஓர் அலமாரிக்குப் பூட்டு போட்டு உபரி விரிப்பு, பல்ப், பேட்டரி, சோப்பு, டாய்லெட் பேப்பர் எல்லாவற்றையும் அதில் வையுங்கள், சாவி சுத்தம் செய்கிறவரிடம். உங்கள் குடும்பப் புகைப்படங்களையும் நினைவுப் பொருட்களையும் எடுத்துச் சென்றுவிடுங்கள், உடைந்தால் ஈடு கிடையாது.

விளம்பரத்தைத் திறக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கெஸ்டுக்கு அனுப்பப்போகும் அதே செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு அந்த வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள். யாரையும் கேட்காதீர்கள். வீட்டைப் பார்த்தே இராத நண்பர் ஒருவரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது, அவர் எந்தச் சுவிட்சைத் தேடுகிறார் என்று பாருங்கள். குளித்துவிட்டுத் துண்டை எங்கே மாட்டுவது, இரவு எழுந்தால் எந்த விளக்கு, கத்தி வெட்டுகிறதா, ஜன்னல் தாழ் விழுகிறதா என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு வெளியே வந்து, சுத்தம் செய்கிறவரை உள்ளே அனுப்பிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள்.